ஒரு காருக்கு 61 சென்ட்

ஒரு கார் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எவ்வளவு தூரம் போனது, எப்போது வேகம் கூடியது, எத்தனை முறை சடாரென்று பிரேக் போட்டது. இந்த விவரங்களை விற்றால் என்ன விலை கிடைக்கும்? 2024 ஜூலை 26 அன்று அமெரிக்க செனட்டர்கள் ரான் வைடனும் எட்வர்ட் மார்க்கியும் அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு விடை இருந்தது. ஹோண்டா நிறுவனம் 97,000 கார்களின் விவரங்களை வெரிஸ்க் என்ற தகவல் நிறுவனத்துக்குக் கொடுத்துப் பெற்ற தொகை 25,920 டாலர். காருக்கு 26 சென்ட். ஹூண்டாய் 17 லட்சம் கார்களின் விவரங்களுக்குப் பெற்றது 10,43,315 டாலர் 69 சென்ட். காருக்கு 61 சென்ட்.

61 சென்ட் என்பது அன்றைய மதிப்பில் சுமார் 50 ரூபாய். ஒருவர் எப்படி வண்டி ஓட்டுகிறார் என்ற பதிவு அந்த விலைக்குக் கைமாறியிருக்கிறது. காரை வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு விற்பனை நடந்ததே தெரியாது. விலை இவ்வளவு அற்பமாக இருப்பதுதான் இந்த விவகாரத்தில் அதிகம் ஆத்திரமூட்டுகிறது. விற்றவருக்கு 50 ரூபாய் தந்த அதே தகவல், அதை இழந்தவரின் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை ஐந்தில் ஒரு பங்கு ஏற்றிவிடக்கூடும்.

அப்படி ஏறியது கண் முன்னால் நடந்த கதை. அமெரிக்காவின் சியாட்டில் அருகே வசிக்கும் ஒருவர் செவர்லே போல்ட் என்ற மின்சாரக் கார் வைத்திருந்தார். தன்னால் ஒரு விபத்தும் நேர்ந்ததில்லை என்று சொல்லக்கூடிய ஓட்டுநர். 2022இல் அவருடைய காரின் இன்ஷூரன்ஸ் கட்டணம் 21 சதவீதம் கூடியது. வேறு நிறுவனங்களிடம் விசாரித்தார். அங்கும் அதிகமாகவே சொன்னார்கள். கடைசியில் ஒரு முகவர், லெக்சிஸ்நெக்சிஸ் என்ற தகவல் நிறுவனத்தின் அறிக்கையும் ஒரு காரணம் என்றார். அந்த அறிக்கையை அவர் கேட்டு வாங்கினார். 258 பக்கங்கள் வந்தன. அதில் 130 பக்கங்களுக்கும் மேல், முந்தைய ஆறு மாதங்களில் அவரும் அவருடைய மனைவியும் அந்தக் காரில் போன 640 பயணங்களின் பட்டியல். புறப்பட்ட நேரம், நின்ற நேரம், தூரம், வேகம் மீறிய இடைவெளி, திடீர் பிரேக், திடீர் ஆக்ஸிலரேட்டர் எல்லாம் இருந்தன. எங்கே போனார்கள் என்பது மட்டும் அந்த அறிக்கையில் இல்லை.

விவரங்களை அனுப்பியது கார்தான். தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ‘ஆன்ஸ்டார் ஸ்மார்ட் டிரைவர்’ என்ற திட்டம் வழியாக அவை போயின. நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் கஷ்மீர் ஹில் 2024 மார்ச்சில் இதை வெளிக்கொண்டுவந்தார். மார்ச் 20 முதல் லெக்சிஸ்நெக்சிஸுக்கும் வெரிஸ்குக்கும் விவரம் தருவதை நிறுத்திவிட்டதாக ஜி.எம். அறிவித்தது. அடுத்த மாதம் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

இத்தனை பேர் எப்படி அந்தத் திட்டத்தில் சேர்ந்தார்கள் என்ற கேள்விக்கு ஷோரூமில்தான் பதில் இருக்கிறது. புதுக் காருக்குச் சாவி கொடுக்கும் நேரம். கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் ஒரு பக்கம், வெளியே வண்டியோடு படம் எடுக்கக் காத்திருக்கும் குடும்பம் ஒரு பக்கம். அந்த அவசரத்தில் ஒரு டேப்லெட்டை நீட்டி, ஆன்ஸ்டார் இணைப்பை விற்பனையாளர் தொடங்கிவைக்கிறார். அந்தப் பதிவை முடித்துத்தருவது விற்பனையாளரின் வருமானத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. கஷ்மீர் ஹில்லுக்கே இது நேர்ந்தது. 2023 டிசம்பரில் அவருடைய குடும்பம் வாங்கிய போல்ட் காரையும் விற்பனை நிலையத்தில் அந்தத் திட்டத்தில் சேர்த்திருந்தார்கள். செய்தியை எழுதிய பிறகே அவருக்கு அது தெரியவந்தது. இதையே தொழிலாக விசாரிக்கும் ஒருவருக்குப் புலப்படாத சம்மதம், ஆசையாக முதல் கார் வாங்கும் ஒருவருக்கு எப்படிப் புலப்படும்?

2024 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் ஜி.எம். மீது வழக்குத் தொடுத்தார். 1.4 கோடிக்கும் அதிகமான வாகனங்களிலிருந்து விவரம் எடுக்கப்பட்டது, பாதிக்கப்பட்டவர்களில் டெக்சாஸ் மக்கள் மட்டும் 18 லட்சத்துக்கும் மேல் என்பது மனுவின் குற்றச்சாட்டு. 2025 ஜனவரியில் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கையை அறிவித்தது. சில கார்களிலிருந்து மூன்று விநாடிக்கு ஒரு முறை என்ற அளவுக்கு இருப்பிட விவரம் எடுக்கப்பட்டதாக ஆணையம் சொன்னது. ஓட்டும் முறை பற்றிய விவரங்களையும் இருப்பிடத்தையும் ஐந்து ஆண்டுகளுக்கு லெக்சிஸ்நெக்சிஸ் போன்ற நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்குத் தரக் கூடாது, தெளிவான சம்மதம் பெற வேண்டும், கேட்பவருக்கு அவருடைய விவரங்களின் நகலைத் தர வேண்டும், அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். அபராதம் ஒரு டாலர்கூட இல்லை.

சக்கரம் வைத்த கைபேசி

இன்றைய காரின் கூரையில் சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவைப் பலரும் ரேடியோவுக்கு என்று நினைக்கிறார்கள். பல கார்களில் அதனோடு இணைந்த, இ-சிம் பொருத்திய பெட்டி ஒன்று இருக்கிறது. டெலிமேட்டிக்ஸ் என்று தொழிலில் சொல்வார்கள். கார் நிறுவனத்தின் சர்வரோடு பேசுவது இந்தப் பெட்டிதான். கதவு திறந்தது, சீட் பெல்ட் போட்டது, பக்கத்து இருக்கையில் எடை விழுந்தது, கியர் மாறியது, ஸ்டீயரிங் திரும்பியது என ஒவ்வொன்றும் காருக்குள் ஓடும் வலைப்பின்னலில் ஒரு செய்தியாகப் போகிறது. அவற்றில் எதை நிறுவனத்துக்கு அனுப்புவது என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. அந்த மென்பொருளை ராத்திரியோடு ராத்திரியாக வெளியிலிருந்தே மாற்றவும் முடியும்.

நடுவில் இருக்கும் பெரிய திரை இன்னொரு வாசல். ப்ளூடூத்தில் போனை இணைத்து ‘அனுமதி’ என்று தட்டியவுடன் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, சில கார்களில் குறுஞ்செய்திகளும்கூட காரின் நினைவகத்துக்கு நகலாகிவிடும். போனைக் கழற்றினாலும் நகல் போகாது. இந்த நினைவகத்தைத் திறந்து படிப்பதற்கென்றே அமெரிக்காவின் பெர்லா நிறுவனம் கருவி செய்து விற்கிறது. அதை வாங்கிவைத்திருப்பவர்களில் காவல்துறையினரும் உண்டு, அந்நாட்டு எல்லைப் பாதுகாப்புத் துறையும் உண்டு.

விபத்து நடந்தால் அதற்கு முந்தைய சில விநாடிகளைப் பதிவு செய்யும் கருவி ஒன்றும் காரில் இருக்கிறது. விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு ஒப்பானது. அதில் உள்ள விவரம் வாகன உரிமையாளருக்கே சொந்தம் என்று 2015இல் அமெரிக்கா சட்டமே போட்டது. அந்தச் சட்டத்தின் நோக்கம் நல்லது. ஆனால் அது காப்பாற்றுவது விபத்துக்கு முந்தைய அந்தச் சில விநாடிகளை மட்டுமே. வருஷம் முழுக்க இ-சிம் வழியே போய்க்கொண்டிருக்கும் மீதி எல்லாம் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

2023 செப்டம்பரில் மொசில்லா அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளை 600 மணி நேரத்துக்கும் மேல் செலவிட்டுப் படித்து, அறிக்கை வெளியிட்டார்கள். பொம்மை, கைக்கடிகாரம், பேசும் ஸ்பீக்கர் என்று பலவற்றை அதற்கு முன் ஆராய்ந்தவர்கள் அவர்கள். தாங்கள் இதுவரை பார்த்தவற்றிலேயே மிக மோசமான வகை கார்கள்தான் என்று முடிவு சொன்னார்கள். 25இல் ஒன்றுகூடத் தேறவில்லை. 84 சதவீதம், விவரங்களைப் பிறருக்குத் தருவோம் என்றன. 76 சதவீதம், விற்போம் என்றே எழுதிவைத்திருந்தன. அரசோ காவல்துறையோ கேட்டால், நீதிமன்ற ஆணை இல்லாத வெறும் வேண்டுகோளாக இருந்தாலும், தருவோம் என்பவை 56 சதவீதம். நிஸானின் அமெரிக்கக் கொள்கையில் ‘பாலியல் செயல்பாடு’, ‘மரபணு விவரம்’ ஆகிய சொற்களே இருந்தன. தெரிந்தே அப்படி எதையும் சேகரிப்பதில்லை என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. அப்படியென்றால் அந்த வரிக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. சுபாருவின் கொள்கையோ, காரில் ஏறி உட்காரும் பயணியையும் ‘பயன்படுத்துபவர்’ என்று கணக்கில் எடுத்து, அவரும் ஒப்புக்கொண்டதாகக் கொண்டது. லிஃப்ட் கேட்டு ஏறியவரின் சம்மதமும் அதில் அடக்கம்.

அந்த ஆய்வில் இரண்டு பிராண்டுகள் மட்டும் எல்லா ஓட்டுநர்களுக்கும் தங்கள் விவரங்களை அழிக்கச் சொல்லும் உரிமை உண்டு என்று சொல்லியிருந்தன. ரெனோ, டாசியா. ஆய்வில் இடம்பெற்ற அவை ஐரோப்பியச் சந்தைக்கானவை. அங்கே ஜி.டி.பி.ஆர். என்ற கறாரான தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் கேட்கும் இடத்தில் கொடுக்கிறார்கள், கேட்காத இடத்தில் எடுக்கிறார்கள்.

10 சென்டிமீட்டர் துல்லியம்

விற்பது ஒரு ஆபத்து என்றால், சேர்த்துவைப்பதே இன்னொரு ஆபத்து. சட்டம் கடுமையான ஐரோப்பாவிலேயே அது நடந்தது.

ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மென்பொருள் நிறுவனம் கரியாட். ஃபோக்ஸ்வாகன், சியட், ஆடி, ஸ்கோடா ஆகிய பிராண்டுகளின் சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் விவரங்களை அமேசானின் மேகக் கிடங்கில் வைத்திருந்தது. கிடங்கின் சாவிகள் கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் கிடந்தன. விஷயம் அறிந்த ஒருவர் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்புக்குத் தகவல் சொன்னார். 2024 நவம்பரில் கிளப் நிறுவனத்தை எச்சரித்தது. துளை அடைக்கப்பட்டது. டிசம்பர் கடைசியில் டெர் ஷ்பீகல் வார இதழ் செய்தி வெளியிட, அதே நாள்களில் ஹாம்பர்க்கில் நடந்த கிளப்பின் ஆண்டுக் கூட்டத்தில் முழு விவரமும் மேடையேறியது.

சுமார் 4.6 லட்சம் கார்களுக்கு, வண்டி அணைக்கப்பட்ட இடங்கள் துல்லியமாகப் பதிவாகியிருந்தன. ஃபோக்ஸ்வாகன், சியட் கார்களுக்கு அந்தத் துல்லியம் 10 சென்டிமீட்டர். தெருவையோ வீட்டையோ காட்டுவதோடு நிற்கும் அளவா இது? வீட்டு முன்வாசலில் வண்டி எந்தப் பக்கம் நின்றது என்பதையே சொல்லிவிடும். ஹாம்பர்க் காவல்துறையின் மின்சார ரோந்து வண்டிகள் அதில் இருந்தன. உளவுத்துறையைச் சேர்ந்தவர்கள் என்று கருதத்தக்கவர்களின் கார்கள் இருந்தன. தங்கள் பயணப் பதிவைச் செய்தியாளர்கள் காட்டியபோது பார்த்து அதிர்ந்தவர்களில் ஒரு கூட்டாட்சி நாடாளுமன்ற உறுப்பினரும் ஒரு மாநில அரசியல்வாதியும் உண்டு. பேட்டரியையும் சார்ஜ் செய்யும் பழக்கத்தையும் ஆராய்ந்து மென்பொருளை மேம்படுத்தவே விவரங்கள் சேகரிக்கப்பட்டன என்பது நிறுவனத்தின் விளக்கம். பேட்டரியின் ஆயுளை அறிய, அதன் உரிமையாளர் செவ்வாய்க்கிழமை ராத்திரி யார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார் என்பது ஏன் வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய பொறியாளர் ஒருவரும் அந்த நிறுவனத்தில் இல்லாமல் போனது, அல்லது கேட்டும் எடுபடாமல் போனது, கசிவைவிடப் பெரிய கோளாறு.

டொயோட்டா கதை இதைவிட நீளம். ஜப்பானில் சுமார் 21.5 லட்சம் வாடிக்கையாளர்களின் வாகன விவரங்கள் 2013 நவம்பரிலிருந்து 2023 ஏப்ரல் வரை திறந்தே கிடந்தன. தவறான ஒரு மேகக் கிடங்கு அமைப்பு காரணம். ஏறத்தாழ பத்து வருஷம் யாரும் கவனிக்கவில்லை.

2024 நவம்பரில் சாம் கரி என்ற பாதுகாப்பு ஆய்வாளர், தன் அம்மாவுக்கு வாங்கிக்கொடுத்த சுபாரு காரைச் சோதித்தார். நிறுவன ஊழியர்கள் பயன்படுத்தும் ஒரு வலைவாசலில் இருந்த ஓட்டை வழியே, அம்மா ஒரு வருடமாக எங்கெல்லாம் போனார் என்பது வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வந்து நின்றது. அவரும் சக ஆய்வாளர் ஷுபம் ஷாவும் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சுபாரு ஓட்டையை அடைத்தது. பாராட்ட வேண்டிய வேகம். ஆனால் ஓட்டை அடைபட்ட பிறகும், பணி காரணமாகத் தேவைப்படும் ஊழியர்கள் இருப்பிடத்தைப் பார்க்க முடியும் என்று நிறுவனமே சொன்னது. வெளியாள் பார்த்தால் ஊடுருவல், உள்ளாள் பார்த்தால் வேலை.

உள்ளாள் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு டெஸ்லா சாட்சி. கார்களின் கேமராக்களில் பதிவான வாடிக்கையாளர்களின் அந்தரங்கக் காட்சிகளை ஊழியர்கள் சிலர் 2019 முதல் 2022 வரை தங்களுக்குள் அனுப்பிக்கொண்டார்கள் என்று ராய்ட்டர்ஸ் 2023 ஏப்ரலில் எழுதியது. ஆடையில்லாமல் காரை நோக்கி வந்த ஒருவர், சைக்கிளில் வந்த ஒரு குழந்தை மீது கார் மோதிய காட்சி ஆகியவை அவற்றில் அடங்கும். இதைச் சொன்னவர்கள் முன்னாள் ஊழியர்களே.

அரசுகளுக்கு இந்த ஆபத்து நன்றாகவே தெரியும். 2021இல் சீனா தன் ராணுவ வளாகங்களுக்குள் டெஸ்லா கார்கள் வரக் கூடாது என்றது. 2025 ஜனவரியில் அமெரிக்கா, சீன, ரஷ்ய இணைப்பு மென்பொருள் கொண்ட கார்களுக்கு 2027ஆம் ஆண்டு மாடலிலிருந்து தடை விதித்தது. தங்கள் ரகசியம் என்று வரும்போது ஒரு கார் என்னவெல்லாம் பார்க்கும், கேட்கும் என்று நுணுக்கமாகக் கணக்குப் போடும் அரசுகள், குடிமக்களின் அந்தரங்கம் என்று வரும்போது ‘விதிமுறைகளை ஏற்கிறேன்’ என்ற ஒரு பொத்தானோடு விட்டுவிடுகின்றன.

வீட்டுக்குள்ளிருந்து வரும் கண்காணிப்பு

இதில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. கார் செயலியின் முதன்மைக் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, அவருடைய போனில் வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியும். கதவைப் பூட்டலாம், ஹாரன் அடிக்கவைக்கலாம். கணவனின் வன்முறையிலிருந்து தப்பி வெளியேறிய பெண்ணை அதே செயலியின் வழியே அவன் பின்தொடர்ந்த வழக்குகள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கின்றன. காரைத் தினமும் ஓட்டுபவர் அவள். ஆனால் கடன் பத்திரமும் கணக்கும் அவன் பெயரில். அவள் நிறுவனத்தை அழைத்துக் கெஞ்சினாலும், ‘கணக்கு வைத்திருப்பவர் சொன்னால்தான் துண்டிப்போம்’ என்ற பதிலே கிடைத்தது. இதற்காகவே கலிபோர்னியா 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் இயற்றியது. பாதிக்கப்பட்டவர் தகுந்த ஆவணம் காட்டினால் இரண்டு வேலை நாள்களுக்குள் மற்றவர் தொலைவிலிருந்து காரை அணுகும் வசதியை நிறுவனம் துண்டிக்க வேண்டும்.

நம் ஊரிலும் கார் பெரும்பாலும் வீட்டு ஆணின் பெயரில்தான் இருக்கிறது. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை, குறிப்பிட்ட வேகம் மீறினால் எச்சரிக்கை என்ற வசதிகளைப் பாதுகாப்பு என்று சொல்லியே இங்கே விற்கிறார்கள். வயதான அப்பா தனியாக ஓட்டும்போது அது பாதுகாப்புதான். மணவாழ்க்கை முறிந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு அதே வசதி வேறு பொருள் தருகிறது. கலிபோர்னியாவின் அந்த இரண்டு நாள் விதி இந்தியாவுக்கும் வேண்டும். இதில் தயங்க ஒரு காரணமும் இல்லை.

பாதுகாப்புக்காகத்தான் இத்தனையும் என்று நிறுவனங்கள் சொல்லும்போது இரண்டு உண்மைகளை எதிரே வைக்கலாம். 2018 மார்ச் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புது ரகக் கார்களில் ‘இ-கால்’ கட்டாயம். பெரிய விபத்து நடந்தால் கார் தானே 112ஐ அழைத்து இடம், நேரம், ஓடிய திசை போன்ற சில விவரங்களை மட்டும் சொல்லும். மற்ற நேரங்களில் தூங்கும். தொடர்ந்து பின்தொடரக் கூடாது என்பது அந்த விதியிலேயே இருக்கிறது. உயிர் காக்க உளவு தேவையில்லை என்பதற்கு இந்த ஏற்பாடே சான்று.

இரண்டாவது சம்பவம் 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்தது. ஒரு தாயைத் தாக்கிவிட்டு அவருடைய ஃபோக்ஸ்வாகன் காரைத் திருடிக்கொண்டு போனார்கள். உள்ளே இரண்டு வயதுக் குழந்தை. காவல்துறை அந்தக் காரின் இணைப்புச் சேவை மையத்தை அழைத்து இடம் கேட்டது. இலவசக் காலம் முடிந்துவிட்டது, 150 டாலர் கட்டினால்தான் சொல்ல முடியும் என்று பதில் வந்தது. குழந்தை வேறு வழியில் பத்திரமாகக் கிடைத்தது. தங்கள் சார்பில் சேவை தரும் நிறுவனத்தின் பெரும் விதிமீறல் என்று ஃபோக்ஸ்வாகன் பிறகு ஒப்புக்கொண்டது.

ஸ்ரீபெரும்புதூர் சாலையில்

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் சாலையில் இருங்காட்டுக்கோட்டை. 1998இல் சான்ட்ரோ கார்கள் அங்கேதான் வெளிவரத் தொடங்கின. ஹூண்டாயின் அந்தத் தொழிற்சாலை இன்றைக்கு நாட்டின் மிகப் பெரிய கார் உற்பத்தி மையங்களில் ஒன்று. செனட்டர்களின் கடிதம் அமெரிக்காவில் ஓடும் கார்களைப் பற்றியது. ஆனால் 2019இல் எம்.ஜி. ஹெக்டர், ஹூண்டாய் வென்யூ, கியா செல்டோஸ் என்று இ-சிம் பொருத்திய கார்கள் வரிசையாக இந்தியாவில் அறிமுகமானதிலிருந்து, நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களிலும் அந்தப் பெட்டி வந்துவிட்டது. 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஓட்டும் தூரத்துக்கும் ஓட்டும் முறைக்கும் ஏற்பப் பிரீமியம் வசூலிக்கும் கூடுதல் திட்டங்களுக்கு அனுமதி கொடுத்தது. குறைவாக ஓட்டுபவர் குறைவாகக் கட்டட்டும் என்பது நியாயம். அந்தக் கணக்குக்குக் கிலோமீட்டர் எண்ணிக்கை போதும். அதற்கு மேல் எது கேட்டாலும் ஏன் என்று கேட்க வேண்டும்.

விற்பனை விஷயத்தில் இந்தியாவுக்கும் ஒரு முன்கதை இருக்கிறது. 2019 மார்ச்சில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் தரவுத்தளங்களை மொத்தமாக விற்க ஒரு கொள்கை வகுத்தது. வர்த்தக நிறுவனங்களுக்கு வருடத்துக்கு 3 கோடி ரூபாய் விலை. நூறு கோடி ரூபாய்க்கும் மேல் வருமானம் வந்தது. தவறாகப் பயன்படும், அந்தரங்கம் பாதிக்கப்படும் என்ற கவலையால் 2020 ஜூனில் கொள்கை கைவிடப்பட்டது. விற்ற விவரம் திரும்பி வராது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24. அதற்குப் பிறகு இரண்டே வருடத்தில் அரசே கடை விரித்தது வேதனையான உண்மை.

இப்போது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 கையில் இருக்கிறது. 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அந்த அறிவிப்பிலிருந்து 18 மாதங்களில் அமலுக்கு வர வேண்டும். தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். எந்த விவரம், எதற்காக என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும், கொடுத்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். அரசு அமைப்புகளுக்குப் பரந்த விலக்கு அளித்திருப்பது இந்தச் சட்டத்தின் பெரிய குறை. ஆனாலும் ஷோரூமில் நீட்டப்படும் அந்த டேப்லெட்டை எதிர்கொள்ள, இந்தியக் கார் வாங்குபவருக்கு இதற்கு முன் இப்படி ஒரு பிடிமானம் இருந்ததில்லை.

சட்டம் முழுதாக வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்கள் இருக்கின்றன. செயலியையும் இணைப்புக் கணக்கையும் விற்பனையாளர் தொடங்க விடாமல், வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாக நாமே தொடங்கலாம். கணக்கு நம் எண்ணில் இருக்க வேண்டும். டீலரின் எண்ணிலோ டிரைவரின் எண்ணிலோ இருக்கக் கூடாது. அவசர அழைப்பு வசதியை வைத்துக்கொண்டு, ஓட்டும் மதிப்பெண், விளம்பரம், பிறருக்குப் பகிர்தல் ஆகியவற்றை அணைக்க முடிகிறதா என்று அமைப்புகளில் தேடிப் பார்க்க வேண்டும். பல கார்களில் முடியும், தேடத்தான் வேண்டும். வாடகைக் காரிலும் நண்பரின் காரிலும் போனை ப்ளூடூத்தில் இணைத்தால், தொடர்புகளைப் பகிரவா என்று கேட்கும்போது வேண்டாம் என்று தட்டலாம். சார்ஜ் மட்டும் தேவையென்றால், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சார்ஜர் போதும். அதன் வழியே விவரம் போகாது.

பழைய கார் விற்பவரும் வாங்குபவரும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தின் பாதுகாப்பு நிபுணர் சார்லஸ் ஹெண்டர்சன், தான் எப்போதோ கைமாற்றிவிட்ட காரைத் தன் போன் செயலியிலிருந்து இன்னும் பார்க்கவும் திறக்கவும் முடிகிறது என்று 2017இல் சொன்னபோது, கேட்டவர்கள் தங்கள் போன்களைத் திறந்து பார்க்க வேண்டிய நிலை. ஆர்.சி. புத்தகம் மாறினால் போதாது, செயலிக் கணக்கும் மாற வேண்டும். விற்பவர் திரையில் ‘ஃபேக்டரி ரீசெட்’ கொடுத்து, இணைத்த போன்களையும் வீட்டு முகவரியையும் அழித்து, கணக்கிலிருந்து காரை நீக்க வேண்டும். வாங்குபவர் தன் பெயரில் கணக்குத் தொடங்கிப் பார்த்து, முந்தைய உரிமையாளர் இன்னும் இருக்கிறார் என்று காட்டினால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் செய்ய வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகளின்படி, முக்கியத் தனிநபர் விவரங்களைக் கையாளும் நிறுவனம் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வலைத்தளத்தில் வெளியிட வேண்டும். வந்த புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

புதிய சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பை நிறுவனம் தர வேண்டும். அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார்களைச் செய்து, அண்ணா சாலையிலும் அவிநாசி சாலையிலும் விற்கும் நிறுவனங்கள், அந்தக் கார் எதைப் பதிவு செய்கிறது, எங்கே அனுப்புகிறது, யாருக்குத் தருகிறது என்பதைத் தமிழில் எழுதித்தர வேண்டிய நாள் 2027இல் வருகிறது. வாங்கும் ஒவ்வொருவரும் அதை இன்றைக்கே கேட்கத் தொடங்கலாம். முன்பணம் கட்டுவதற்கு முன்பே.